வலது வளைவில் வீசிய பின்புறம்: ஒரு பின் சஸ்பென்ஷன் சரிசெய்தலின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்த கார், முன்பக்க எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட இலகுவான இரு இருக்கைக் கார். நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கவைக் கைகள் பிடித்திருக்கும். ஓட்டுநரும் அரை டேங்க் பெட்ரோலும் சேர்ந்து எடை 1030 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் 2.27 மீட்டர். உரிமையாளர் சொன்ன குறைகள் மூன்று. வலது பக்கம் வேகமாகத் திரும்பினால் பின்புறம் வெளியே வீசுகிறது. இடது பக்கம் திரும்பினால் அப்படி வீசுவதில்லை, மாறாக முன்புறம்தான் வளைவை விட்டு அகலமாகப் போகிறது. எந்தப் பக்க வளைவாக இருந்தாலும், நடுவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரங்கள் முன்னறிவிப்பில்லாமல் பிடியை விடுகின்றன. "இன்னும் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் அல்லவா?" என்று கேட்டுக்கொண்டுதான் அவர் சாவியைக் கொடுத்தார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. தொழிற்சாலை ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் கழற்றிவிட்டு, ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த, உயரம் மாற்றக்கூடிய காயில் ஓவர் தொகுதியை அவர் பொருத்தியிருந்தார். முன்ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு மி.மீட்டருக்கு 8 கிலோ, பின்ஸ்பிரிங்குக்கு 6 கிலோ. காரை 35 மி.மீ. தாழ்த்தினார். பின்புறம் ஆடுவதாகத் தோன்றியதும், 12 மி.மீ. தடிமனுள்ள பின் ஆன்டி ரோல் பாருக்கு (இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) பதிலாக 16 மி.மீ. பார் ஒன்றைப் போட்டார். திண்மையான கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடுவதால், தடிமன் மூன்றில் ஒரு பங்கு கூடியபோது விறைப்பு 3.16 மடங்கு ஆகிவிட்டது. அதன்பின், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் விசையைக் கூட்டிக் குறைக்கும் ஷாக்கின் குமிழைக் கடைசிவரை இறுக்கி, இரண்டே கிளிக் திரும்ப விட்டு நிறுத்தினார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதல் சில கிலோமீட்டருக்குக் கார் கூர்மையாகத் தெரிந்தது என்றும், வேகம் கூடக்கூட முன்பைவிட மோசமானது என்றும் அவரே சொன்னார். கவனித்துச் சொன்ன அந்த ஒரு வாக்கியம், பின்னால் எடுத்த பாதி அளவுகளைவிட எனக்குப் பயன்பட்டது.

எதையும் தொடுவதற்கு முன் இப்போதைய நிலையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால், போக்குவரத்து இல்லாத, தட்டையான தார்த் தளத்தில் 30 மீட்டர் ஆரமுள்ள வட்டம் ஒன்றைக் கூம்புகளால் குறித்து, இரண்டு திசையிலும் சுற்றுக்கு ஆகும் நேரத்தை எடுத்தோம். டயர்களில் காற்று 29 பி.எஸ்.ஐ. இடஞ்சுழியாக, அதாவது இடது பக்கமாகத் திரும்பி, ஒரு சுற்றுக்கு 12.0 விநாடி ஆனது; வலஞ்சுழியாக 12.4 விநாடி. ஆரமும் நேரமும் தெரிந்தால் பக்கவாட்டு முடுக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம்: இடப்பக்கம் ஏறத்தாழ 0.84 ஜி, வலப்பக்கம் 0.79 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). நேரத்தைவிட முக்கியமான இன்னொன்றும் பதிவானது. நேராகப் போகும்போது ஸ்டியரிங்கின் கிடைக்கம்பி கிடையாக இல்லாமல் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. உரிமையாளர் அதைப் பல மாதங்களாகப் பார்த்துப் பழகிவிட்டதால் குறையாகவே எண்ணவில்லை.

அளவெடுப்புக்குக் கணினி அலைன்மென்ட் கருவி எதையும் பயன்படுத்தவில்லை. நான்கு தாங்கிகள், இரண்டு மீன்பிடி நைலான் நூல்கள், எஃகு அளவுகோல் ஒன்று, கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணத்தை (மேற்பகுதி உள்ளே சாய்ந்தால் மைனஸ்), அளக்கும் டிஜிட்டல் மானி ஒன்று. பொறுமை இருந்தால் இவை போதும். நூல்கள் இரண்டும் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதே இம்முறையின் உயிர். முன்சக்கரத் தடத்துக்கும் பின்சக்கரத் தடத்துக்கும் அகலம் வேறுபடும் என்பதால், முன்சக்கர மையத்திலிருந்து நூல் நிற்கும் தூரமும் பின்சக்கர மையத்திலிருந்து நிற்கும் தூரமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருந்தால் சரி. ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை வைத்தோம். ஜாக்கியிலிருந்து இறக்கிய கார் டயரின் பிடியால் இயல்பான உயரத்துக்கு வராமல் நின்றுவிடும் என்பதால், ஒவ்வொரு பின்சக்கரத்தின் அடியிலும் நடுவே கிரீஸ் தடவிய இரண்டிரண்டு தகடுகளை வைத்து, காரை அசைத்து உட்கார விட்ட பிறகே அளந்தோம்.

பின்சக்கர ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை ஒப்பிட்டபோது, வலது பின்சக்கரம் 2 மி.மீ. உள்நோக்கியும் இடது பின்சக்கரம் 1 மி.மீ. வெளிநோக்கியும் இருப்பது தெரிந்தது. இரண்டையும் கூட்டினால் மொத்தம் 1 மி.மீ. டோ-இன் (சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கித் திரும்பியிருத்தல்) என்றுதான் வரும். மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் 'சற்றுக் குறைவு, ஆனால் பாதகமில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆனால் இரண்டு சக்கரங்களுமே இடப்பக்கம் பார்க்கின்றன என்பதுதான் உண்மை நிலை. ரிம்மின் விட்டம் கிட்டத்தட்ட 400 மி.மீ. என்பதால் 1 மி.மீ. என்பது 0.14 டிகிரி, ஆக, பின் அச்சு முழுவதும் காரின் நடுக்கோட்டிலிருந்து 0.21 டிகிரி இடப்பக்கம் திரும்பி நிற்கிறது. அப்படி நிற்கும் பின் அச்சு காரின் மூக்கை எப்போதும் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட ஓட்டுநர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்தாக வேண்டும். சாய்ந்த கிடைக்கம்பிக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

வளைவில் நடப்பதும் இதோடு பொருந்தியது. வலது பக்கம் திரும்பும்போது பெரும்பாலான எடையைச் சுமப்பது வெளிப்பக்கத்து இடது பின்சக்கரம். அது வெளிநோக்கித் திரும்பியிருந்தால், காரின் பின்புறத்தை வளைவுக்கு வெளியே தானே ஓட்டிச் செல்கிறது என்று பொருள். இடது பக்கம் திரும்பும்போது சுமப்பது வலது பின்சக்கரம். அது நன்றாக உள்நோக்கி இருப்பதால் பின்புறம் அளவுக்கு மீறி உறுதியாகிவிடுகிறது, முன்புறம் அகலப் போகிறது. ஒரே கார் இரண்டு குணத்தோடு இருந்ததற்கு ஓட்டுநரின் கை காரணமில்லை.

டோ இப்படி விலகியது எப்படி? இந்த வகைப் பின் சஸ்பென்ஷனில் கீழ் விஷ்போன் உடலோடு சேரும் இடத்தில் இரண்டு கேம் போல்ட்டுகள், அதாவது திருப்பினால் விஷ்போனின் முனையை நகர்த்தும் மையம் விலகிய போல்ட்டுகள், உண்டு. இரண்டையும் ஒரே திசையில் திருப்பினால் கேம்பர் மாறும். எதிரெதிராகத் திருப்பினால் டோ மாறும். இடது பக்கத்தின் பின் கேமில் முன்பு யாரோ மஞ்சள் பெயின்டால் போட்டிருந்த கோடு, உடலில் இருந்த கோட்டைவிட்டு ஒரு பிரிவு நகர்ந்திருந்தது. நட்டைக் கழற்ற ஸ்பானரில் அரைக்கைப் பலமே போதுமாக இருந்தது. முன்பு அலைன்மென்ட் செய்த பட்டறையில் அந்த நட்டை உரிய இறுக்கத்துக்குக் கொண்டுவராமல் விட்டிருக்க வேண்டும். இந்த நட்டுகளைக் கார் தரையில் நின்று எடையைத் தாங்கும்போதுதான் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் மூட்டுக்குள் இருக்கும் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டப்பட்டு, உயரத்தையும் கெடுக்கும், விரைவில் கிழியவும் செய்யும். கடப்பாரையால் நெம்பிப் பார்த்ததில் புஷ்களின் மேற்பரப்பில் வெடிப்பு இருந்ததே தவிர ஆட்டம் இல்லை என்பதால் அவற்றை மாற்றவில்லை.

பின்சக்கரம் வெளிநோக்கித் திரும்புவது எவ்வளவு ஆபத்து என்பதைக் கார்த் தொழில் நெடுங்காலமாக அறியும். ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் எடை முன்னோக்கிப் போகும். இந்தக் காரில் 0.2 ஜி அளவுக்கு வேகம் குறைந்தால், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.46 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், பின் அச்சிலிருந்து ஏறத்தாழ 42 கிலோ முன் அச்சுக்கு மாறிவிடுகிறது. எடை குறைந்த அதே நொடியில் சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கும் விசை புஷ்களை நசுக்கிச் சக்கரத்தை வெளிநோக்கியும் திருப்பினால், பின்புறம் வீசாமல் என்ன செய்யும்? 1977-இல் வந்த போர்ஷே 928-இன் வைசாக் அச்சு இதற்காகவே உருவானது; வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டாலோ பிரேக் போட்டாலோ வெளிச்சக்கரம் வெளிநோக்கித் திரும்பாதபடி அதன் இணைப்புகளை அமைத்திருந்தார்கள். நம்மிடம் வந்த காரிலோ சக்கரம் நிற்கும்போதே வெளிநோக்கி இருந்தது.

முதல் நாள் மாலைக்குள் பின் டோவை ஒவ்வொரு பக்கமும் 1.5 மி.மீ. உள்நோக்கி வைத்து, இடப்பக்கம் மைனஸ் 2.4 டிகிரியும் வலப்பக்கம் மைனஸ் 1.9 டிகிரியும் இருந்த கேம்பரை இரு பக்கமும் மைனஸ் 2.1-க்குக் கொண்டுவந்தோம். வலஞ்சுழி நேரம் 12.1 விநாடிக்கு இறங்கியது. இடஞ்சுழி அப்படியே 12.0. ஸ்டியரிங் நேரானது. உரிமையாளர் மகிழ்ந்தார், நானும் வேலை முடிந்தது என்றே எண்ணினேன். ஆனால் தளத்தின் ஓரத்தில், தார் அலையலையாக எழும்பியிருந்த ஓரிடத்தில், வட்டத்தின் வேகத்திலேயே காலை எடுத்துப் பார்த்தபோது பின்புறம் இரண்டு திசையிலும் பட்டென்று விட்டது. மெதுவாக நழுவவில்லை, கயிறு அறுந்ததுபோல விட்டது.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். அலைகளின் மேல் நடப்பதால் இது ஷாக்கின் குறைதான் என்று முடிவுகட்டி, குமிழை இரண்டாவது கிளிக்கிலிருந்து எட்டாவது கிளிக்குக்குத் தளர்த்தினேன். கொஞ்சம் குணம் தெரிந்தது. அந்தக் கொஞ்சம்தான் என்னை அரை நாள் தவறான வழியில் இழுத்துச் சென்றது. ஆறாவது, பத்தாவது, பன்னிரண்டாவது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். விடும் இடம் மாறியதே தவிர விடும் விதம் மாறவில்லை.

மறுநாள் காலை சக்கரத்தைக் கழற்றியபோது என் முழங்கை இடது பின் ஸ்பிரிங்கில் பட்டது. ஸ்பிரிங் சுற்றிக்கொண்டது. கையால் பிடித்துத் தூக்கிப் பார்த்தால், மேல் இருக்கைக்கும் ஸ்பிரிங்கின் முனைக்கும் நடுவே 18 மி.மீ. வெளி. சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் எதையும் தாங்காமல் அந்தரத்தில் நிற்கிறது என்றால், காரைத் தாழ்த்தியவர் ஸ்பிரிங் தாங்கும் வளையத்தை மட்டும் கீழே இறக்கியிருக்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. காரைத் தரையில் இறக்கி, எடையோடு நிற்கும்போது ஷாக்கின் உடலுக்கும், அதற்குள் போய்வரும் ராடின் மேல், ஷாக் எல்லைமீறி அமுங்காமல் தடுக்க இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். 6 மி.மீ. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம் இது.

இந்தக் காரில் பின்சக்கரம் 1 மி.மீ. ஏறினால் ஷாக் 0.72 மி.மீ. அமுங்கும். எனவே 6 மி.மீ. என்பது சக்கரத்தில் வெறும் 8 மி.மீ. ஏற்றம். வளைவில் கார் 2.5 டிகிரி சாய்ந்தால் வெளிச்சக்கரம் 31 மி.மீ. அளவுக்கு அமுங்க வேண்டியிருக்கும். அதில் ஏறத்தாழ கால் பங்கிலேயே ஷாக் ரப்பரில் மோதிவிடுகிறது. மோதிய கணத்திலிருந்து ஸ்பிரிங்கின் விறைப்போடு ரப்பரின் விறைப்பும் சேர்ந்துகொள்ள, பின் அச்சின் சாய்வு எதிர்ப்பு ஒரேயடியாக உயர்கிறது. அதோடு பின் அச்சில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடையும் உயர்கிறது. டயரின் பிடி எடைக்கு ஏற்ற அதே விகிதத்தில் கூடுவதில்லை. எடை இரட்டித்தால் பிடி இரட்டிப்பாகாது. ஆகவே எந்த அச்சில் எடை மாற்றம் அதிகமோ, அந்த அச்சின் மொத்தப் பிடி குறைகிறது. 16 மி.மீ. பார் இதை இன்னும் மோசமாக்கியது. இறுக்கி வைத்த ஷாக்கோ, அடுத்தடுத்து வரும் அலைகளுக்கு நடுவே சக்கரம் திரும்பி இறங்க நேரம் கொடுக்காமல், காரின் பின்புறத்தைப் படிப்படியாக ரப்பரின் மேல் உட்கார வைத்தது. குமிழைத் தளர்த்தியபோது தெரிந்த கொஞ்சம் குணத்துக்கு இதுவே காரணம்.

விறைப்பான ஸ்பிரிங் வேண்டுமா என்ற கேள்விக்கும் இங்கே கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஸ்பிரிங்கின் விறைப்பை 0.72-இன் வர்க்கத்தால் பெருக்கினால் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு மி.மீட்டருக்கு 30.5 நியூட்டன், ஒரு பின் மூலையில் ஸ்பிரிங் தாங்கும் நிறை 225 கிலோ என்பதால் அந்த மூலை மேலும் கீழும் ஆடும் அதிர்வெண் 1.85 ஹெர்ட்ஸ். முன்புறம் ஏறத்தாழ 2 ஹெர்ட்ஸ். சாலையிலும் ஓடி, வட்டத்திலும் ஓடும் காருக்கு இவை பொருத்தமான எண்களே. உரிமையாளர் நினைத்தபடி பின்புறமும் 8 கிலோ ஸ்பிரிங் போட்டிருந்தால் 2.14 ஹெர்ட்ஸ் ஆகி, பின்புறம் முன்புறத்தைவிட விறைத்துப்போய், நோய்க்கே மருந்தின் பெயரைச் சூட்டியது போலாகியிருக்கும். காருக்குத் தேவைப்பட்டது விறைப்பு அன்று, அமுங்க இடம்.

அதிர்ஷ்டவசமாக இந்தத் தொகுதியில் ஷாக்கின் அடிப்பகுதியும் மரை கொண்டது. ஸ்பிரிங் வளையத்தை ஏற்றினால் ராடின் நிலை மாறி அமுங்கும் பயணம் கூடும், காரும் உயரும்; அடிமரையை உள்ளே திருகினால் ஷாக்கின் மொத்த நீளம் குறைந்து கார் தாழும், ஆனால் ராடின் நிலை மாறாது. எனவே வளையத்தை 18 மி.மீ. ஏற்றி, அடிமரையை 10 மி.மீ. உள்ளே திருகினோம். நிகர உயர்வு ஷாக்கில் 8 மி.மீ., சக்கரத்தில் 11 மி.மீ. ரப்பருக்கு முந்தைய இடைவெளி 6-லிருந்து 24 மி.மீ. ஆனது, சக்கரக் கணக்கில் 33. எடை தாங்கும்போது ஸ்பிரிங் 52 மி.மீ. அமுங்கியிருக்கிறது, இறங்கும் பயணமும் இப்போது 52 என்பதால், சக்கரம் முழுவதும் தொங்கினாலும் ஸ்பிரிங் தளரவில்லை. அடிமரையால் தாழ்த்தும்போது டயர் ஃபெண்டரின் உள்விளிம்பைத் தொடாமல் இருக்கிறதா என்று ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை ரப்பர் நசுங்கும்வரை ஏற்றிப் பார்த்தோம், தொடவில்லை. இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் அதன் விடையை நெடுஞ்சாலையில் புகையும் ரப்பர் வாசனையாக அறிந்துகொள்வார்கள்.

உயரம் மாறினால் கோணங்களும் மாறும். 11 மி.மீ. உயர்வில் கேம்பர் மைனஸ் 2.1-லிருந்து மைனஸ் 1.7-க்கும், டோ பக்கத்துக்கு 1.5-லிருந்து 0.8 மி.மீட்டருக்கும் போயிருந்தன. முந்தின நாள் நூல் கட்டிச் செய்த வேலை முழுவதும் மறுபடி செய்யப்பட்டது: கேம்பர் மைனஸ் 1.8, டோ-இன் பக்கத்துக்கு 1.5. பின்புறத்தை ஏற்றுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. பின் அச்சின் ரோல் மையமும் (வளைவில் காரின் பின்புறம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) சேர்ந்து உயர்வதால், விஷ்போன்கள் வழியாக நேராக மாறும் எடை சற்றுக் கூடும். பயணம் வேண்டும் என்பதற்காகக் காரைக் கண்டபடி தூக்காமல் இரண்டு மரைகளையும் சேர்த்துப் பயன்படுத்தியதற்கு அதுவே காரணம்.

அடுத்தது ஆன்டி ரோல் பார். அதைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் தண்டான லிங்கை ஒரு பக்கம் கழற்றிவிட்டு வட்டத்தில் ஓட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அது தரும் தகவல் அதிகம். பார் இல்லாமல் கார் இரு திசையிலும் 12.0 விநாடியில் சுற்றியது. நடுவில் காலை எடுத்தால் பின்புறம் மெல்ல உள்ளே திரும்பி நின்றது, ஆனால் முன் டயர்களின் வெளிவிளிம்பு தேய்ந்து முனகியது. 16 மி.மீ. பாரை மாட்டினால் திருப்பம் கூர்மையானது, பின்புறத்தின் பொறுமையோ குறைந்தது. 14 மி.மீ. பார், அதாவது பழைய பாரைப்போல 1.85 மடங்கு விறைப்புள்ளது, நடுவழியாக அமைந்தது. ஷாக் குமிழ் ஒன்பதாவது கிளிக்கில் நின்றது. அதற்குமேல் தளர்த்தினால் வளைவிலிருந்து எதிர்வளைவுக்கு மாறும்போது பின்புறம் ஒரு அசைவு கூடுதலாக எடுத்துக்கொண்டது.

லிங்கைக் கழற்றியபோது கிடைத்த உபரிச் செய்தியும் உண்டு. ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் எடையைத் தனித்தனியே காட்டும் மூலை எடைத் தராசுகளில் வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் சேர்ந்து மொத்த எடையில் 52.1 சதவீதம் தாங்கிக்கொண்டிருந்தன. லிங்கைக் கழற்றியதும் 51.0 ஆனது. இரு பக்க லிங்குகளின் நீளம் ஒத்துப்போகாமல், பார் நிற்கும்போதே முறுக்கேறியிருந்தது என்பது இதன் பொருள். இந்தக் குறுக்கு எடை மிகுதியும் வலது வளைவில் பின்புறத்தையும் இடது வளைவில் முன்புறத்தையும்தான் வலுவிழக்கச் செய்யும். டோ செய்த தவறின் பக்கமே இதுவும் சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தது. வளையங்களைச் சிறிது திருகி 50.2-க்குக் கொண்டுவந்த பின், இருக்கையில் எடையை வைத்தபடியே லிங்கின் நீளத்தைப் போல்ட் கையால் நுழையும் அளவுக்குச் சரிசெய்து பூட்டினோம்.

மூன்றாம் நாள் அதே வட்டத்தில் வலஞ்சுழி 11.7, இடஞ்சுழி 11.8 விநாடி. ஏறத்தாழ 0.87 முதல் 0.88 ஜி. ஷாக் ராடில் மாட்டியிருந்த சிறிய கேபிள் டை, சீரான தளத்தில் ஓட்டி முடித்தபோது ரப்பருக்கு 5 மி.மீ. முன்பாகவே நின்றிருந்தது, அலைத்தாரின் மேல் போனபோதுதான் அதைத் தொட்டது. அங்கே காலை எடுத்தால் பின்புறம் இப்போதும் நகர்கிறது, ஆனால் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பி ஈடுகட்ட நேரம் கொடுத்து நகர்கிறது. தளத்தில் தண்ணீர் ஊற்றி ஓட்டியபோது, இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரை அவசரமாக அழுத்தினால் பின்புறம் சற்றுச் சீக்கிரம் சறுக்கியது. மழைக்காலத்தில் பாரின் லிங்கை விறைப்புக் குறைந்த துளைக்கு மாற்றிக்கொள்ளுமாறு உரிமையாளருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

600 கிலோமீட்டர் ஓடிய பின் கார் மறுபடி வந்தது. வலது பின் மூலை 2 மி.மீ. தாழ்ந்திருந்தது, குறுக்கு எடை 50.6 ஆகியிருந்தது, அதைத் திருத்தவில்லை. பின் டோ இரு பக்கமும் 1.5 மி.மீட்டரிலேயே இருந்தது. இடது கேமில் நாங்கள் புதிதாகப் போட்ட வெள்ளைக் கோடு, உடலின் கோட்டோடு நேராக நின்றது.